கணினிக்கு விடும் இசைத்தூது

ஒரு வீட்டில் நிகழக்கூடிய சிறு நிகழ்ச்சியொன்றை முதலில் மனக்கண்முன் கொண்டுவருவோம். மகளின் பிறந்தநாளுக்கென்று தந்தையார் ஒரு மின்விசைப்பலகை வாங்கி வருகிறார். கீபோட் என்று இளைஞர் வழங்கும் வாத்தியமே அது. வீட்டிலே கணினி ஒன்றும் உண்டு. இரண்டையும் இணைத்துவிட்டால் வாசிப்பதைப் பதிந்துவைக்கலாம், பிழையைத் திருத்தலாம், அதே வாசிப்பை வேறு வாத்தியங்களின் குரலிலும் கேட்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆதலின் வடம் ஒன்றும் வாங்கப்படுகிறது. வடத்தின் ஒரு முனை வாத்தியத்திலும் மறுமுனை கணினியிலும் செருகப்படுகின்றன. மகள் கட்டையை அழுத்துகிறாள். வாத்தியம் பாடுகிறது, கணினியோ வாய்மூடி இருக்கிறது. வடம் பழுது என்கிறார் ஒருவர். வாத்தியம் பழுது என்கிறார் மற்றொருவர். கணினி பழையது என்கிறார் மூன்றாமவர். ஒரு கிழமைக்குள் வடம் பெட்டிக்குள் போய்விடுகிறது. அதனோடு மகளின் ஆர்வத்தில் ஒரு பகுதியும் போய்விடுகிறது.

இத்தகைய சந்தர்ப்பங்களிற் பெரும்பாலும் எந்தப் பொருளிலும் பழுது இருப்பதில்லை. பழுது நமது எண்ணத்திலே இருக்கிறது. வாத்தியத்தின் ஒலி அந்த வடத்தின் வழியே ஓடிக் கணினிக்குள் புகுகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவ்வாறு நிகழ்வதில்லை. அந்த வடத்தில் ஒலி செல்வதேயில்லை. ஒலியன்றாயின் வேறு என்னதான் செல்கிறது? இவ்வொரு வினாவுக்கு விடை தெரிந்துவிட்டால் இணைக்கும் வழியும் தெரியும். வரும் இடர்களின் காரணமும் தெரியும். இந்த ஏற்பாட்டினால் நம் இசைக்கு எவ்வளவு பயன் உண்டு, எந்த இடத்தில் அது போதாது என்பதும் தெரியும். இன்று நாம் ஆராயப் புகுவது இவ்வினாவையே.

நம் இலக்கியத்தில் தூது என்றொரு மரபு உண்டு. நளனிடத்திலிருந்து தமயந்தியிடம் அன்னம் தூது சென்ற கதையை யாவரும் அறிவர். அன்னம் நளனைத் தன் முதுகிலே சுமந்து செல்லவில்லை. அவனைப் பற்றிய சொல்லை மாத்திரமே கொண்டு சென்றது. கேட்ட தமயந்தி தன் உள்ளத்திலே நளனை உருவாக்கிக்கொண்டாள். வாத்தியத்துக்கும் கணினிக்கும் இடையிலுள்ள வடமும் இத்தகைய தூதுதான். அது ஒலியைச் சுமப்பதில்லை. இன்ன கட்டை அழுத்தப்பட்டது, இவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது, இப்பொழுது விடப்பட்டது என்று விரல்களின் செய்தியை மாத்திரம் சுமந்து செல்கிறது. அச்செய்தியைப் பெற்றுக் குரல் கொடுப்பது கணினியின் வேலை. கணினிக்குக் குரல் கொடுக்கும் ஏற்பாடு செய்துவைக்காதவர், தூது வந்துசேர்ந்த பின்பும் மௌனத்தையே கேட்பார்.

இத்தூது பேசும் மொழிக்கு மிடி என்று பெயர். வாத்தியங்களுக்கிடையிலான எண்முறைத் தொடர்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அமைத்த பெயர் இது. தமிழிலே மிடி என்றால் வறுமை. பெயர் இவ்வாறு அமைந்தது தற்செயலே. எனினும் இம்மொழிக்கு ஒருவகை வறுமையும் உண்டு என்பதைப் பேச்சின் இறுதியிற் காண்போம்.

முதலில் இது தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1970 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் யப்பானிலும் மின்னிசை வாத்தியங்கள் பெருகின. ஆனால் ஒரு நிறுவனத்தின் வாத்தியம் மற்றொரு நிறுவனத்தின் வாத்தியத்துடன் பேசாது. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி வழக்கொன்றை வைத்திருந்தது. நான்கு நிறுவனங்களின் வாத்தியங்களை வைத்திருந்த கலைஞர் நான்கு தீவுகளுக்கிடையே நீந்துபவரைப் போலானார். இந்நிலையை மாற்ற வேண்டுமென்று 1981 இல் முயன்றவர் யப்பானின் றோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி. அவருடன் ஒத்துழைத்தவர் கலிபோர்ணியாவில் சீக்குவென்சல் சேர்க்கிட்ஸ் என்னும் நிறுவனத்தை நடத்திய டேவ் ஸ்மித். அவ்வாண்டிலேயே ஒலிப் பொறியியலாளர் சங்கத்தின் கூட்டத்தில் பொதுமொழி ஒன்றுக்கான திட்டத்தை ஸ்மித் முன்வைத்தார். யமஹா, கோர்க், கவாய் ஆகிய யப்பானிய நிறுவனங்களும் பின்னர் சேர்ந்துகொண்டன. 1983 சனவரியில் கலிபோர்ணியாவிலுள்ள அனகைம் நகரில் நடந்த வாத்திய வணிகக் கண்காட்சியில், ஸ்மித்தின் புரொபெற் 600 என்னும் வாத்தியத்தையும் றோலண்டின் யூப்பிற்றர் 6 என்னும் வாத்தியத்தையும் ஒரே வடத்தால் இணைத்தனர். ஒன்றை வாசிக்க மற்றொன்றும் பாடியது. அதே ஆண்டு ஆகஸ்ற்றில் மிடி மொழியின் இலக்கணம் வெளியாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இம்மொழியைப் பயன்படுத்துவதற்கு உரிமைக் கட்டணம் என்று எவரிடமும் எதுவும் பெறப்படவில்லை. விரும்பிய நிறுவனம் எதுவும் தன் வாத்தியத்தில் இதனை அமைத்துக்கொள்ளலாம். அதனாலேதான் 1983 இற் செய்த ஒரு வாத்தியம் நல்ல நிலையில் இருக்குமாயின் அதனை இன்றைய கணினியுடன் இணைத்து வாசிக்க முடிகிறது. இலத்திரனியற் பொருள்கள் சில ஆண்டுகளிலேயே ஒன்றுக்கொன்று அந்நியமாகிவிடும் உலகில் இது அருமையான நிகழ்ச்சி. ககேஹாஷிக்கும் ஸ்மித்துக்கும் 2013 இல் இதற்காகத் தொழில்நுட்பக் கிராமி விருது வழங்கப்பட்டது. ககேஹாஷி 2017 இலும் ஸ்மித் 2022 இலும் காலமாயினர். அவர்கள் இணைத்துவைத்த மொழி இன்றும் பேசப்படுகிறது.

இனி, அம்மொழியின் ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்ப்போம். ஒரு கட்டையை அழுத்தியவுடன் மூன்று எண்கள் வடத்திலே செல்கின்றன. ஒரு கட்டை அழுத்தப்பட்டது என்றும், செய்தி எந்தத் தடத்துக்குரியது என்றும் முதலாவது எண் சொல்கிறது. தடங்கள் 16 உண்டு. ஆதலின் ஒரே வடத்தில் 16 வாத்தியங்களுக்கு வெவ்வேறு செய்திகளை அனுப்பலாம். இரண்டாவது எண் எந்தக் கட்டை என்பதைச் சொல்கிறது. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள் இடப்பட்டுள்ளன. பியானோவின் நடுவிலுள்ள சி என்னும் சுரத்துக்கு எண் 60. மூன்றாவது எண் அழுத்திய வேகத்தைச் சொல்கிறது; இதுவும் 127 ஐத் தாண்டுவதில்லை. விரலை எடுத்தவுடன், அக்கட்டை விடப்பட்டது என்று இன்னொரு செய்தி செல்கிறது. மிதிகட்டையை மிதித்தால் அதற்கும் ஒரு செய்தி. குரலை மாற்றினால் அதற்கும் ஒரு செய்தி.

அழுத்திய வேகத்தை வாத்தியம் எவ்வாறு அறிகிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் பொதுவாக இரண்டு தொடுமுனைகள் வைக்கப்பட்டுள்ளன. கட்டை கீழிறங்கும்போது முதலில் ஒன்றும் பின்னர் மற்றொன்றும் தொடப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே சென்ற காலத்தை வாத்தியம் அளக்கிறது. காலம் குறைவாயின் விரல் வேகமாக இறங்கியது என்பது பொருள். அதற்கேற்பக் குரல் உரத்து ஒலிக்கும். மெல்ல இறங்கினாற் குரலும் மெல்லியதாகும். இக்கணக்கு ஒவ்வொரு முறையும் கண்ணிமைக்கும் நேரத்திற் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது.

செய்தி செல்லும் வேகத்தையும் சொல்லலாம். கணினிகளின் எழுத்துக்கள் 0, 1 என்னும் இரண்டு குறிகளே. பழைய மிடி வடத்தில் ஒரு செக்கனுக்கு 31,250 குறிகள் செல்லும். ஓர் எண்ணை அனுப்பத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்து 10 குறிகள் வேண்டும். ஆகவே மூன்று எண்கள் கொண்ட ஒரு செய்தி, செக்கனில் ஆயிரத்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரத்திற் போய்ச் சேருகிறது. விரல் இசைக்கு இவ்வேகம் போதுமானது.

இப்பழைய வடத்தின் செருகி வட்டமானது. ஐந்து ஊசிகள் கொண்டது. அவற்றுள் இரண்டே செய்தியைச் சுமக்கின்றன. நடுவூசி வடத்தின் கவசத்துக்குரியது. செய்தியைப் பெறும் வாத்தியத்தின் உள்ளே ஓர் அழகிய ஏற்பாடு உண்டு. வந்த மின்னோட்டம் ஒரு சிறு விளக்கை ஏற்றி அணைக்கிறது. எதிரே இருக்கும் ஒளியுணரி அவ்வொளியைக் கண்டு செய்தியை உணர்ந்துகொள்கிறது. இரண்டு வாத்தியங்களுக்குமிடையே நேரான மின்தொடர்பு இல்லை, ஒளித்தொடர்பே உண்டு. வெவ்வேறு மின்வழிகளிலிருந்து மின் பெறும் கருவிகளை நேரே இணைத்தால் ஒலிபெருக்கியில் ஓர் இரைச்சல் புகுந்துவிடும். அதனைத் தடுக்கவே இவ்வேற்பாடு செய்யப்பட்டது.

வீட்டுக் கணினிக்கு இம்மொழி எவ்வாறு வந்தது? 1985 இல் வெளியான அற்றாரி எஸ்.ரி. என்னும் கணினியில் மிடி வாயில்கள் இயல்பாகவே அமைக்கப்பட்டிருந்தன. அக்காலத்து இசைப்பதிவுக்கூடங்கள் பலவற்றில் அக்கணினி இடம்பெற்றமைக்கு இது முக்கிய காரணம். பின்னர் வந்த சொந்தக் கணினிகளில், விளையாட்டுக் கைப்பிடிக்கென்று ஒலியட்டையில் இருந்த வாயிலையே மிடிக்கும் பயன்படுத்தினர். 1999 இல் யு.எஸ்.பி. வழியாக மிடிச் செய்திகளை அனுப்பும் முறைக்குத் தனி இலக்கணம் வகுக்கப்பட்டது. அதன்பின் தனியட்டை தேவையற்றுப்போயிற்று.

ஆகவே இன்று இணைக்க விரும்புவோர் முதலில் தம் வாத்தியத்தின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே யு.எஸ்.பி. வாயில் இருக்கலாம். எனினும் எந்த யு.எஸ்.பி. வாயில் என்பதைக் கவனித்தல் அவசியம். ஏறக்குறையச் சதுர வடிவில் இருப்பது கணினிக்குரியது. புதிய வாத்தியங்கள் சிலவற்றில் முட்டைவடிவமான சிறு வாயில் அப்பணியைச் செய்கிறது. தட்டையாகவும் நீளமாகவும் இருப்பதோ நினைவகக் குச்சியைச் செருகுவதற்கு உரியது. அதிற் கணினியை இணைத்தால் எதுவும் நிகழாது. பலருடைய முயற்சி இந்த முதற் படியிலேயே தடைப்பட்டுவிடுகிறது.

யு.எஸ்.பி. வாயில் இல்லாத பழைய வாத்தியமாயின், ஐந்தூசி வாயில்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். செய்தி புகுவது இன், வெளியேறுவது அவுட், புகுந்த செய்தியை அப்படியே அடுத்த வாத்தியத்துக்கு அனுப்புவது துறு. இவ்வாத்தியங்களுக்கு மிடி இடைமுகம் என்னும் சிறு கருவி ஒன்று வேண்டும். அதன் ஒரு முனை யு.எஸ்.பி. வழியே கணினியிற் செருகப்படும். மறுமுனையில் இரண்டு வட்டச் செருகிகள் இருக்கும். இங்கே நினைவில் வைக்கவேண்டிய விதி ஒன்றே. ஒருவர் வாய் மற்றவர் செவியுடனன்றோ பேச வேண்டும்? வாத்தியத்தின் அவுட் இடைமுகத்தின் இன்னுடனும், வாத்தியத்தின் இன் இடைமுகத்தின் அவுட்டுடனும் சேர வேண்டும். இன் என்று பொறித்த செருகியை இன் என்று பொறித்த வாயிலிற் செருகுவதே இயல்பான தவறு. அவ்வாறு செய்தால் இரண்டு செவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், பேசுவார் இல்லை. செருகியின் பொறிப்பு இடைமுகத்தின் வாயிலைக் குறிக்கிறதா, அது சென்றுசேர வேண்டிய வாயிலைக் குறிக்கிறதா என்பது செய்தவரைப் பொறுத்து மாறுவதும் உண்டு. ஆகவே ஒருமுறை இணைத்துப் பயன் இல்லையாயின் இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். தீங்கு எதுவும் நேராது.

வடம் சேர்ந்தபின் அடுத்த படி கணினிக்குள் இருக்கிறது. இசைப்பதிவுச் செயலி ஒன்றைத் திறந்து, செய்தி வரும் வழியாக உங்கள் வாத்தியத்தின் பெயரைத் தெரிவுசெய்ய வேண்டும். பின்னர் ஒரு தடத்தை உருவாக்கி அதிலே மென்பொருள் வாத்தியம் ஒன்றை அமர்த்த வேண்டும். தூதைக் கேட்டுக் குரல் கொடுப்பது அதுவே. இறுதியாக, அக்குரல் எந்த ஒலிபெருக்கியின் வழியே வெளிவரும் என்பதையும் தெரிவுசெய்ய வேண்டும். செய்தி வரும் வழி, குரல் கொடுக்கும் வாத்தியம், குரல் வெளிவரும் வழி ஆகிய மூன்றும் சரியாயிற் கணினி பாடும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மௌனந்தான். முதலிற் சொன்ன வீட்டிலே குறைந்தது பெரும்பாலும் இரண்டாவதாகவே இருக்கும்.

இன்னொரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். உங்கள் வாத்தியத்தின் சொந்தக் குரலையே பதிய விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிடி வடம் அதற்கு உதவாது. அது செய்தியை மாத்திரமே கொண்டுசெல்லும். வாத்தியத்தின் ஒலி வெளிவரும் வாயிலிலிருந்து கணினியின் ஒலி புகும் வாயிலுக்கு வேறொரு வடம் இட வேண்டும். புதிய வாத்தியங்கள் சில, யு.எஸ்.பி. வழியாகச் செய்தியுடன் ஒலியையும் அனுப்ப வல்லன. உங்களுடையது அத்தகையதா என்பதை அதன் கைந்நூலைப் பார்த்து அறிந்துகொள்ளலாம்.

இணைத்தபின் எழும் இடர்கள் மூன்றை விளக்குவது பயனுடையது. முதலாவது தாமதம். கட்டையை அழுத்திச் சிறிது நேரம் கழித்தே கணினி ஒலிக்கிறது என்று பலர் முறையிடுவர். குற்றம் வடத்திலன்று. கணினி ஒலியை ஒவ்வொரு துளியாக வெளியிடாமல் ஒரு தொட்டியில் நிரப்பித் தொகுதி தொகுதியாக வெளியிடுகிறது. ஒரு செக்கனுக்கு 44,100 ஒலித்துளிகள் என்பது வழக்கமான கணக்கு. தொட்டி 2,048 துளிகள் கொள்வதாயின், அது நிரம்ப 46 மில்லிசெக்கன் செல்லும். அந்நேரத்தில் ஒலி காற்றிலே ஏறக்குறைய 16 மீற்றர் தூரம் சென்றுவிடும். அஃதாவது, கூடத்தின் மறுகோடியில் இருந்து ஒலிக்கும் வாத்தியத்தை இங்கிருந்து வாசிப்பது போன்ற உணர்வு தோன்றும். தொட்டியை 256 துளிகளாகக் குறைத்தால் தாமதம் 6 மில்லிசெக்கனுக்குள் அடங்கும். விரல் அதனை உணராது. மிகவும் குறைத்துவிட்டாற் கணினி திணறி ஒலி வெடிக்கும். ஆகவே அளவறிந்து குறைத்தல் வேண்டும். விண்டோஸ் கணினிகளில் இதற்கென அசியோ என்னும் விரைவான ஒலிவழி உண்டு. அது 1997 இல் ஸ்ரைன்பேர்க் என்னும் செருமானிய நிறுவனத்தால் வகுக்கப்பட்டது. கம்பியில்லாத் தலைபேசிகளை வாசிக்கும்போது தவிர்ப்பது நன்று. அவை தம் பங்குக்கு மேலும் தாமதத்தைச் சேர்க்கின்றன.

இரண்டாவது, ஒரு கட்டைக்கு இரண்டு குரல்கள் எழுவது. வாத்தியம் தானும் பாடுகிறது; கணினியும் பாடுகிறது. வாத்தியத்தில் உள்ளகக் கட்டுப்பாடு என்னும் ஏற்பாட்டை அணைத்துவிட்டால், கட்டைகள் வாத்தியத்தின் சொந்தக் குரலை விட்டுப் பிரிந்து கணினிக்கு மாத்திரம் செய்தி அனுப்பும். பின்னர் கணினி இல்லாமல் வாசிக்கும்போது அதனை மீண்டும் ஏற்றிவைக்க மறந்து, வாத்தியம் ஊமையாயிற்று என்று கலங்குவோரும் உண்டு.

மூன்றாவது, விரலை எடுத்தபின்னும் ஒரு சுரம் நில்லாமல் ஒலித்துக்கொண்டே இருப்பது. கட்டை விடப்பட்டது என்னும் செய்தி வழியிலே தொலைந்துபோயிற்று என்பதே இதன் பொருள். வாசிக்கும்போது வடத்தைப் பிடுங்கினால் இவ்வாறு நிகழும். எல்லாச் சுரங்களையும் நிறுத்து என்னும் கட்டளையும் மிடி மொழியில் உண்டு; செயலியில் அதற்கென ஒரு பொத்தான் இருக்கும்.

இவ்வளவு தொல்லை பட்டு இணைப்பதனால் விளையும் பயன் யாது? ஒலியைப் பதிந்துவைத்தால் அது வார்த்துவிட்ட பொருள் போன்றது. செய்தியைப் பதிந்துவைத்தாலோ அது பிசைந்த மண் போன்றது. பிழைபட்ட ஒரு சுரத்தை மட்டும் திருத்தலாம். விரைவை மாற்றினாற் சுருதி மாறாது; சுருதியை மாற்றினால் விரைவு மாறாது. கற்கும் பிள்ளை தன் வாசிப்பிலே தாளம் பிசகிய இடத்தைக் கண்ணாலேயே காணலாம். இடமும் மிகக் குறைவாகவே வேண்டும். இறுவட்டின் தரத்தில் ஒரு நிமிட ஒலியைச் சேமிக்க ஒரு கோடிக்கு மேற்பட்ட எண்கள் வேண்டும். ஆயிரம் சுரங்கள் கொண்ட ஒரு வாசிப்பைச் செய்தியாகச் சேமிக்கவோ ஏறக்குறையப் பத்தாயிரம் எண்களே போதும்.

ஆனால், நேயர்களே, நம்மவர் சிறிது நின்று எண்ணிப்பார்க்க வேண்டிய இடமும் இதுவே. செய்தி இவ்வளவு சிறிதாயிருப்பதன் காரணம், அது பலவற்றைச் சொல்லாமல் விடுவதுதான். தோடி இராகத்தை எடுத்துக்கொள்வோம். எண் 60 ஐ ஆதார சட்சமாகக் கொண்டால், தோடியின் காந்தாரத்துக்கு உரிய கட்டை 63. ஆயினும் தோடி பாடும் வித்துவானின் காந்தாரம் அவ்விடத்தில் அசையாது நிற்கிறதா? அது இரிஷபத்தை நோக்கித் தாழ்ந்தும் மத்திமத்தை நோக்கி எழுந்தும் அசைகிறது, அசைந்தே தோடியாகிறது. 63 என்னும் எண் அக்காந்தாரம் இருக்கும் வீட்டின் இலக்கமேயன்றி, அங்கு வாழ்பவரின் முகமன்று.

இக்குறை மிடியுடன் தோன்றியதன்று. ஆர்மோனியம் நம் இசையரங்குக்கு வந்தபோதே இவ்வழக்கு எழுந்தது. அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971 இலேயே அத்தடை தளர்ந்தது. எழுத்திலே சுரங்களைக் குறிப்போரும் இதே இடர்ப்பாட்டை அறிந்திருந்தனர். 1904 இல் எட்டயபுரத்தில் வெளியான சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில், சுப்பராம தீட்சிதர் வெறுஞ் சுரவெழுத்துக்களுடன் அமையாது, கமகங்களுக்கெனத் தனிக் குறியீடுகளையும் சேர்த்து அச்சிட்டார். சுரத்தின் பெயரை எழுதிவிட்டால் இசையை எழுதியதாகாது என்பது அவர் கண்ட உண்மை.

மிடி மொழியிலும் கமகத்துக்கு வழி முற்றாக அடைக்கப்படவில்லை. வாத்தியத்தின் இடப்பக்கத்தில் இருக்கும் சிறு சக்கரத்தை உருட்டினாற் சுரம் வளையும். அவ்வளைவு 16,384 படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. செவிக்கு அது தொடர்ச்சியாகவே கேட்கும். ஆனால் அது ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒருங்கே வளைத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு சுரமே வாசிக்கும் நம் இசைக்கு இது பெரிய குறையன்று. பயின்ற கைகள் வலக்கையாற் கட்டையையும் இடக்கையாற் சக்கரத்தையும் ஆண்டு இராகத்தின் சாயலைப் பெரிதும் கொண்டுவரக்கூடும். எனினும் வீணையின் தந்தியை இழுக்கும் விரல், இழுக்கும்போதே தன் செவியுடன் பேசுகிறது. சக்கரத்திலே அவ்வுறவைப் பெறுவதற்கு நெடும் பயிற்சி வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாத்தியக் குரல்களுக்கு எண் இடுவதில் ஒழுங்கு வேண்டுமென்று 1991 இல் 128 குரல்கள் கொண்ட ஒரு பொதுப்பட்டியல் வகுக்கப்பட்டது. அதிலே சித்தாருக்கு 105 ஆம் இடமும் ஷெனாய்க்கு 112 ஆம் இடமும் உண்டு. வீணைக்கு இடம் இல்லை, நாதசுரத்துக்கும் இல்லை. பட்டியல் வகுத்தோரை நோவதிற் பயன் இல்லை. பொதுமொழி ஒன்று உருவாகும்போது அவையில் இல்லாதவரின் சொல் அதில் இடம்பெறுவதில்லை என்பதை நாம் அறிந்துகொண்டாற் போதும்.

மொழியும் வளர்ந்து வருகிறது. ஒவ்வொரு விரலின் சுரத்தையும் தனித்தனியே வளைப்பதற்கு உதவும் முறையொன்று 2018 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கென அமைந்த பலகைகளில் விரலைப் பக்கவாட்டில் அசைத்தாலே சுரம் அசையும். 2020 இல் மிடியின் இரண்டாம் இலக்கணம் வெளியாயிற்று. அதில் அழுத்தத்தின் அளவு 128 படிகளிலிருந்து 65,536 படிகளாக விரிந்துள்ளது. தனிச் சுரத்தின் வளைவுக்கும் தனிச் சொல் வகுக்கப்பட்டுள்ளது. பழைய வாத்தியங்களைத் தள்ளிவிடாமல் அவற்றுடன் பழைய மொழியிலேயே பேசும் பண்பும் அதற்கு உண்டு. கமகத்தை எழுதக்கூடிய தூது நம் வாயிலுக்கு வரத் தொடங்கியிருக்கிறது எனலாம். அதனை எழுதக்கூடிய வித்துவான்களும் பொறியியலாளரும் கூடி அமர்வது நம்மவர் கடன். சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்த விபுலாநந்த அடிகளாரின் யாழ் நூல் 1947 இல் வெளிவந்த மண்ணுறவு உடைய நமக்கு, இசையும் எண்ணும் உறவினர் என்பது புதிய செய்தியன்று.

இனி, முதலிற் கண்ட வீட்டுக்குத் திரும்புவோம். பெட்டிக்குள் வைத்த வடத்தை வெளியே எடுங்கள். வாயில் சரியானதா என்று பாருங்கள். குரல் கொடுக்கும் வாத்தியத்தைக் கணினியில் அமர்த்துங்கள். ஒலி வெளிவரும் வழியைத் தெரிவுசெய்யுங்கள். மகள் வாசிக்கட்டும். அவள் வாசிப்பதைச் செய்தியாகப் பதிந்துவையுங்கள். பிழை திருத்தவும் பயிலவும் அது உதவும். அவள் பாடவும் வல்லவளாயின், அல்லது அவளுடைய பாட்டனாருக்கு வீணையோ வயலினோ வாசிக்கத் தெரியுமாயின், ஓர் ஒலிவாங்கியை வைத்து அவ்வொலியையும் தனியே பதிந்துவையுங்கள். ஒன்று சுரங்களின் இடத்தைக் காத்துவைக்கும். மற்றொன்று அவை அசைந்த விதத்தைக் காத்துவைக்கும். நாளை அப்பிள்ளை இசை பயிலும்போது இரண்டும் அவளுக்கு வேண்டியிருக்கும்.